ப்ராக்கா இல்லையா: வாதம் வழுக்கும் இடங்கள்

கோவையில் ராக் கேட்கிற நாலு பேர் ஒரு பேக்கரி முன்னால் சேர்ந்து நின்றால், டீ கிளாஸ் காலியாவதற்குள் "அது ப்ராக்கே இல்லீங்ணா" என்று ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். ப்ராக் என்பது ப்ராக்ரசிவ் ராக் என்ற ராக் வகையின் சுருக்கப் பெயர். பேச்சு பிங்க் ஃப்ளாய்டைப் பற்றி இருக்கலாம், டூலைப் பற்றி இருக்கலாம், பக்கத்துக் காலேஜில் புதிதாகக் கிளம்பிய பேண்டைப் பற்றியும் இருக்கலாம். அரைமணி நேரம் போன பிறகு பார்த்தால் யாரும் புதிதாக ஒரு பாட்டைக்கூடத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். வாதம் செய்வதில் தப்பே இல்லை. அதில் நல்ல சரக்கு இருக்கிறது. அது வீணாகிற இடங்கள் எப்போதும் ஏறக்குறைய ஒன்றேதான்.

எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் தொடங்குவது

ஒருவர் ப்ராக் என்னும்போது 1969 முதல் 1977 வாக்கில் பிரிட்டனில் ஓங்கி நின்ற ஒரு பாணியை நினைத்துக்கொண்டிருப்பார்: கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், ஜென்டில் ஜயன்ட், எமர்சன் லேக் அண்ட் பாமர். எதிரில் நிற்பவர் மனதில் இருப்பது ஒரு மனப்போக்கு. ராக் பாட்டின் வழக்கமான கட்டுக்கோப்பைத் தாண்டிப் போகிற எதுவும் அவருக்கு ப்ராக்தான். 1997இல் வந்த ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' முதலாமவர் கணக்கில் வெளியே, இரண்டாமவர் கணக்கில் உள்ளே. இரண்டு பேரும் அவரவர் அளவில் சரி என்பதால் இந்தச் சண்டை விடியும்வரை முடியாது.

ஆரம்பத்திலேயே ஒரு வரி போதும்: "நான் எழுபதுகளின் பாணியைச் சொல்றனுங்க." எங்கள் கட்சி இதுதான்: ப்ராக் என்று வெறுமனே சொன்னால் அந்தப் பாணியையும் அதன் நேர் வாரிசுகளையும் மட்டுமே குறிக்கட்டும். மற்றதற்கெல்லாம் 'ப்ராக் சாயல்' என்றால் போயிற்று. சாயல் என்று சொல்லும்போது எந்த இடத்தில் சாயல் என்று காட்ட வேண்டிவரும். அங்கேதான் பேச்சு உருப்படுகிறது.

நிமிடக் கணக்கை ஆதாரமாகக் காட்டுவது

"பதினெட்டு நிமிடப் பாட்டுங்க, ப்ராக் இல்லாம வேறென்ன?" என்பது அடிக்கடி கேட்கிற வாதம். ப்ராக் பாட்டுகள் அந்த நீளத்துக்குப் போனதற்கு ஒரு பாதிக் காரணம் இசைத்தட்டு. 12 அங்குல எல்பியின் ஒரு பக்கத்தில் சுமார் 20 முதல் 22 நிமிடம் வசதியாக அடங்கும். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்கள் நெருங்கி, ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்பது அந்தக் காலக் கலைஞனுக்குக் கண்முன் இருந்த ஓர் அளவு. யெஸ் பேண்டின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) 18 நிமிடத்துக்குச் சற்று மேல். ரஷ் பேண்டின் '2112' (1976) 20 நிமிடத்துக்குச் சற்று மேல். ஜெத்ரோ டல் 1972இல் 'திக் அஸ் எ ப்ரிக்' என்று ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் நீட்டினார்கள்.

ஆனால் நீளம் மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. அயர்ன் பட்டர்ஃப்ளையின் 'இன்-அ-கடா-டா-விடா' (1968) 17 நிமிடம் ஓடும். ஒரே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வாசிப்பு), நடுவில் நீண்ட தனி ஆவர்த்தனங்கள், பிறகு அதே ரிஃப். அது சைகடெலிக் ராக். மறுபக்கம், ஜென்டில் ஜயன்டின் 'ஆக்டோபஸ்' (1972) முழு ஆல்பமே எட்டுப் பாட்டு, சுமார் 34 நிமிடம். அதில் 'நாட்ஸ்' நாலே சொச்சம் நிமிடம். நான்கைந்து குரல்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி வெவ்வேறு வரிகளைப் பாடும் அந்தப் பாட்டை ப்ராக் இல்லை என்று சொல்ல ஆளில்லை. நீளமும் தொடர்கதையும் சேர்ந்தால் ப்ராக் என்றால், இரவு இரவாக உடுக்கை அடித்துப் பாடப்படும் நம் அண்ணன்மார் சாமி கதையையும் அந்த அலமாரியில்தான் வைக்க வேண்டிவரும்.

தாளத்தை எண்ணத் தெரியாமல் தாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'ஆட் டைம்' என்று சொல்லப்படும் ஐந்து, ஏழு, பதின்மூன்று எண்ணிக்கைகள் ப்ராக்கில் நிறைய உண்டு. அதனால் ஏழில் போகும் பாட்டெல்லாம் ப்ராக் என்று முடிவுகட்டுகிறார்கள். ஏழு எண்ணும் மிஸ்ர சாபுவும் ஐந்து எண்ணும் கண்ட சாபுவும் கேட்டு வளர்ந்த ஊரில் இப்படிச் சொல்வது ரொம்பவே ஆச்சரியம். கோவையின் எந்தச் சபாவிலும் ஏழும் ஐந்தும் அன்றாடச் சரக்கு. மேற்கிலும் அப்படித்தான்: 1959இல் டேவ் ப்ரூபெக் குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' ஐந்தில் போகிறது, அது ஜாஸ். பீட்டில்ஸின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' (1967) சரணத்தில் ஏழு வருகிறது, அது பாப். திருப்பிப் பார்த்தால், ஃப்ளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' பெரும்பகுதி சாவகாசமான ஆறில் நகர்கிறது. ப்ராக் ரசிகர் யாரும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

அடுத்தது, எண்ணுவதிலேயே வரும் தப்பு. ஃபோன் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு எண்ணாதீர்கள். அதில் பேஸ் கிட்டார் சரியாகக் கேட்காது. பெரும்பாலான பாட்டில் சுழற்சி எங்கே திரும்புகிறது என்று காட்டிக்கொடுப்பதே பேஸ்தான். இயர்ஃபோன் போட்டு, பேஸை மட்டும் பிடித்து, ரிஃப் மறுபடி தொடங்கும் புள்ளியை 'ஒன்று' என்று வையுங்கள். அடுத்த 'ஒன்று' வரும்வரை சமமான தட்டுகளை எண்ணுங்கள். தொடர்ந்து நாலு சுற்று அதே எண் வந்தால்தான் அது தாளம். ஒரே ஒரு இடத்தில் ஒரு தட்டு கூடியோ குறைந்தோ வந்தால் அது ஓர் அலங்காரம், அவ்வளவுதான். சாபுத் தாளப் பழக்கம் உள்ளவர்கள் ஏழைக் கண்டதும் 3+4 என்று கை தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பிரிவு பாட்டுக்குப் பாட்டு மாறும் என்பதால் முதலில் ஏழையும் சமமாக எண்ணிவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

பழக ஏற்றது ஃப்ளாய்டின் 'மணி' (1973). பணப்பெட்டிச் சத்தங்களின் சுழற்சியே ஏழு. பேஸும் ஏழு. சாக்ஸஃபோன் தனி ஆவர்த்தனமும் ஏழில்தான். மூன்றாம் நிமிடத்தையொட்டி கிட்டார் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது பேண்டே நான்குக்கு மாறிவிடும்; பிறகு திரும்ப ஏழு. "மணி ஏழில் இருக்கிறது" என்று ஒருத்தரும் "எனக்கு நாலு கேட்குதே" என்று இன்னொருத்தரும் சொல்லும்போது இருவரும் வேறு வேறு நிமிடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

லெட் செப்பெலினின் 'காஷ்மீர்' (1975) வேறு மாதிரிக் கண்ணி. டிரம் நான்கில் நடக்க, மேலே ரிஃப் மூன்று மூன்றாக நடக்கிறது. பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறை இரண்டும் கூடும். காது குழம்புவதை வைத்து "ஆட் டைம், ப்ராக்" என்று அறிவித்துவிடுகிறார்கள். அங்கே ஐந்து, ஏழு போன்ற எண்ணிக்கை எதுவும் இல்லை. மிருதங்கக்காரர் சதுஸ்ரத்தில் (நான்கில்) திஸ்ரம் (மூன்று) போடும்போது நாம் ரசிக்கிற அதே வேலை.

பேண்டுக்கு மொத்தமாக முத்திரை குத்துவது

'ஜெனிசிஸ் ப்ராக் பேண்டா' என்று கேட்டால் பதிலே கிடையாது. எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும். 1972இன் 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் சுமார் 23 நிமிடம் ஓடும் 'சப்பர்ஸ் ரெடி' இருக்கிறது. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகினார். 1986இன் 'இன்விசிபிள் டச்' பச்சையான பாப் ஆல்பம். அதிலும் 'டொமினோ' என்று இரண்டு பாகமாக, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிற ஒரு துண்டு உட்கார்ந்திருக்கிறது. யெஸ்ஸின் கதையும் இதேதான். 1972இல் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' செய்த பெயர்ப்பலகையின் கீழே 1983இல் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' வந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. முத்திரை குத்தியே தீர வேண்டுமென்றால் பாட்டுக்குக் குத்துங்கள். குறைந்தபட்சம் ஆல்பத்துக்கு.

ஸ்ட்ரீமிங் செயலியில் போட்டிருக்கிற வகைப்பெயரைச் சாட்சியாக நீட்டுவதும் இதே தவறின் கிளைதான். பாட்டை ஏற்றும்போது விநியோக நிறுவனம் காட்டும் ஒரு பட்டியலிலிருந்து யாரோ தேர்ந்தெடுத்த பெயர் அது. பாட்டுக்குள் நடப்பதற்கு அது பொறுப்பாகாது.

ப்ராக் மெட்டலையும் ஃப்யூஷனையும் கலந்து கட்டுவது

ட்ரீம் தியேட்டர் என்ற ப்ராக் மெட்டல் பேண்டின் 'இமேஜஸ் அண்ட் வர்ட்ஸ்' (1992) வழியாக உள்ளே வந்த ஒருவரிடம் "ப்ராக் கேளுங்க" என்று யெஸ்ஸைக் கொடுத்தால், கிட்டாரின் கரகர டிஸ்டார்ஷன் எங்கே என்று தேடுவார். ஜெனிசிஸ் கேட்டு வந்தவருக்கு ஓபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) கொடுத்தால் உறுமல் குரலில் எழுந்து ஓடுவார். இரண்டும் உறவுதான், ஆனால் பரிந்துரைக்கும்போது பிரித்துச் சொல்லிவிட வேண்டும்.

ஃப்யூஷன் விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். ராக் பேண்டில் ஒரு வயலினோ கடமோ சேர்ந்தால் உடனே ப்ராக் என்று பெயர் சூட்டுகிறோம். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், எல். ஷங்கர், ஜாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் எழுபதுகளில் நடத்திய சக்தி குழு அபாரமான ஃப்யூஷன். ராக்கே இல்லை, பிறகு எங்கிருந்து ப்ராக். கொச்சியின் மதர்ஜேன் பேண்டும் பெங்களூரின் அகம் பேண்டும் கர்நாடக ப்ராக் ராக் என்ற பெயரில் அறியப்படுகிறவர்கள். அந்தப் பெயர் ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வயலினையோ ஆலாபனையையோ மனதில் நீக்கிவிட்டுக் கேளுங்கள். மிச்சமிருக்கிற பாட்டு பகுதி பகுதியாக உருமாறி, முன்பு வந்த ஒரு மெட்டு வேறு உடையில் திரும்பி வந்தால் ப்ராக் வேலை நடந்திருக்கிறது. சாதாரணப் பல்லவி, சரணம், பல்லவிதான் மிஞ்சுகிறது என்றால் அது நல்ல ராக் பாட்டு, மேலே நல்ல கர்நாடக சங்கீதம்.

"லேபிளே வேண்டாம், இசை இசைதான்" என்று முடித்துவிடுவது

பெருந்தன்மையான பேச்சு போலத் தோன்றும். ஆனால் பெயர்கள் வேலை செய்கின்றன. கோயில் நோம்பிக்கு ஜமாப் மேளம் பேசுகிறவருக்கு ஜமாப்தான் வந்து நிற்க வேண்டும். அங்கே நாதஸ்வரம் வந்தால் இரண்டு தரப்புக்கும் சங்கடம். பழைய கடையில் இசைத்தட்டுத் தேடுகிறவருக்கும், அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசிக்கிறவருக்கும் வகைப்பெயர் கைகாட்டி. இத்தாலியில் ப்ரெமியாடா ஃபோர்னேரியா மார்கோனி, பிரான்ஸில் மாக்மா என்று ஆங்கிலம் தாண்டிய பேண்டுகள் பலருக்கும் அந்தக் கைகாட்டி வழியாகத்தான் கிடைத்தார்கள். பெயர் கெட்டுப்போவது பதக்கமாகும்போது. "இது ப்ராக் இல்லை" என்பதற்கு "இது மட்டம்" என்று பொருள் வந்துவிட்டால் அந்தப் பெயரால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சுமாரான ப்ராக் ஆல்பங்களும் ஏராளம்.

இதே காரணத்தால் உள்ளூர் பேண்டுகள் கல்ச்சுரல்ஸ் அமைப்பாளருக்கு வெறுமனே 'ப்ராக்' என்று எழுதி அனுப்பக் கூடாது. அவருக்கு அந்தச் சொல்லால் ஒன்றும் தெரியாது. மேடையில் 20 நிமிடம் தருகிறார்கள் என்றால், 12 நிமிடப் பாட்டு ஒன்று, 5 நிமிடப் பாட்டு ஒன்று, மிச்சம் மூன்று நிமிடம் ட்யூனிங்குக்கும் கீபோர்டு சத்தம் மாற்றவும் என்று எழுதுங்கள். எத்தனை இணைப்பு வேண்டும் என்பதையும் எழுதுங்கள். குரல் 2, ஸ்டீரியோ கீபோர்டு 2, கிட்டார் 2, பேஸ் 1, டிரம் மைக் 5 என்றாலே 12 சேனல் ஆகிவிட்டது. 12 சேனல் மிக்ஸரில் அதற்கு மேல் வயலினுக்கு இடமில்லை. இதை மேடை ஏறிய பிறகு கண்டுபிடித்தால் டிரம் மைக் ஒன்றைப் பிடுங்க வேண்டிவரும்.

வாதத்தைக் காதுக்குக் கொண்டுவருவது எப்படி

ஒரே பாட்டு, 20 நிமிடத்துக்கு மிகாமல். நாலு பேர் என்றால் நாலு துண்டுத்தாள். பாட்டு ஓடும்போது பேச்சு கூடாது. எங்கெல்லாம் ஏதாவது மாறுகிறதோ அந்த நிமிடத்தையும் விநாடியையும் குறித்து, என்ன மாறியது என்று ஒரு சொல்: வேகம், தாளம், சுருதி, வாத்தியம், அல்லது 'பழைய மெட்டு திரும்பியது'. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், தவறவிடுவதும் அதைத்தான். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' நல்ல தொடக்கம். பறவைச் சத்தத்திலிருந்து பேண்ட் வெடித்துக் கிளம்பும் இடம், நடுவில் எல்லாம் அடங்கி மெதுவாகும் இடம், 12ஆம் நிமிடத்தையொட்டி ரிக் வேக்மன் வாசிக்கும் தேவாலய ஆர்கன், முதல் பகுதியில் போகிற போக்கில் வந்த குரல் வரி மெதுவான பகுதியில் விரிந்து கடைசியில் மறுபடி தலைகாட்டுவது. இதெல்லாம் தாளில் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

பிறகு சந்தேகமான பாட்டைப் போட்டு அதே மாதிரி குறியுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, பகுதி மாற்றம், மெட்டு திரும்புதல், தாள மாற்றம், செவ்வியல் அல்லது ஜாஸ் வாடை, ஆல்பத்தின் மற்ற பாட்டுகளோடு தொடர்பு என்ற ஐந்தில் குறைந்தது மூன்றை நிமிடக் குறிப்போடு காட்ட முடிந்தால் ப்ராக் என்று பேசத் தாராளமாக இடம் இருக்கிறது. ஒன்றுதான் தேறுகிறது என்றால் வேறு பெயர் தேடுங்கள். இரண்டில் நிற்கிற பாட்டுகள்தான் சுவாரசியம். அவற்றுக்கு அடுத்த வாரம் இன்னொருமுறை உட்காரலாம். அப்போது தாளை மாற்றி, ஆளுக்கொரு வாத்தியத்தைப் பிரித்துக்கொண்டு கேளுங்கள். முதல் முறை கீபோர்டைக் கவனித்தவர் இம்முறை பேஸைக் கவனிக்கட்டும்.