ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்? கணக்கு பிழைக்கிற இடங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து பிள்ளைகளிடம் கனடா போகிற ஆக்கள் முதலில் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் ரொறன்ரோவுக்கும் எவ்வளவு தூரம் என்றுதான் தேடுகிறார்கள். சுமார் 14,000 கிலோமீற்றர் என்று வரும். விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் பறக்கும், அப்ப பதினாறு மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று வகுத்துப் பார்த்து, கூட்டிப்போக வருகிற மகனுக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். அந்த 14,000 பூமி உருண்டையின் மேல் ஆர்க்டிக் பக்கத்தால் போகிற ஆகக் குறுகிய கோடு. அந்தக் கோட்டில் கொழும்பிலிருந்து நேரே பறக்கிற விமானம் இல்லை, எங்கேயாவது இறங்கி மாறத்தான் வேணும்.

அதற்காக டுபாயால் போவது பெரிய சுற்று என்று நினைக்கவும் வேண்டாம். கொழும்பு-டுபாய் 3,300, டுபாய்-ரொறன்ரோ 11,100, மொத்தம் 14,400 தான். நேரத்தைத் தின்பது இடையில் காத்திருக்கிற நேரம். டிக்கெட் மலிவு என்று வயதான அம்மாவைப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கதிரையில் இருத்திவைப்பது பாவம், சக்கர நாற்காலி தேவைப்படுகிறவருக்கு ஒரு மணித்தியால இடைவெளியில் எடுப்பதும் சரிவராது.

டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழிப்பது இன்னொரு பிழை. விடிய 3 மணிக்கு ஏறி அதே நாள் பின்னேரம் 4 மணிக்கு ரொறன்ரோவில் இறங்கினால் அது 13 மணித்தியாலம் இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் அவர்கள் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், ஆகவே பயணம் இருபத்திரண்டரை. நவம்பர் தொடக்கத்தில் அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்தால் வித்தியாசம் பத்தரையாகிவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது திகதிப் பிழை. 15ஆம் திகதி 02:55 என்று டிக்கெட்டில் இருந்தால் 14ஆம் திகதி இரவு பன்னிரண்டுக்கு முன்னமே கட்டுநாயக்காவில் நிற்க வேணும். கிளிநொச்சியிலிருந்து வான் வாகனத்தில் ஆறேழு மணித்தியாலம், வழியில் தேத்தண்ணிக்கு நிற்பது, ஏ9 வீதியில் மாடு, மழை எல்லாம் சேர்த்தால் 14ஆம் திகதி பின்னேரம் 3 மணிக்கே வெளிக்கிட்டால்தான் நிம்மதி. 15ஆம் திகதி பகல் கோயிலுக்குப் போய், சமைத்துச் சாப்பிட்டு, இரவு வான் ஏறினால், விமானம் அன்று விடிய முன்னமே போயிருக்கும். வான்காரரிடமும் "பதினைந்தாம் திகதி ஃபிளைட்" என்று சொல்லாமல், பதினாலாம் திகதி பின்னேரம் வாங்கோ என்று சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது டுபாய் வரையான பறப்பு ஒரு மணித்தியாலம், ஒன்றரை குறையலாம், மேற்கிலிருந்து வீசுகிற உயரக் காற்று பின்னால் தள்ளும். போன நேரத்தையே வைத்து வானைப் பேசினால் வந்து இறங்கிறவர் வெளியே காவல் நிற்க வேண்டி வரும்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தால் சென்னை போய் அங்கிருந்து வேறு டிக்கெட்டில் ஏறலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் பிந்தினாலும் இரண்டாவது காத்திராது, அந்தக் காசும் பெரும்பாலும் திரும்ப வராது. பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வெளியே வர வேண்டியிருந்தால் இந்திய விசாவும் கேட்பார்கள். ஒரே டிக்கெட்டாக, பெட்டி ரொறன்ரோ வரை போகிற மாதிரி எடுங்கள்.