குழலைப் பார்க்காமல் தோட்டா போடாதீர்கள்

தேர்தல் அறிவிப்பு வந்தால் போதும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அதை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிடும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16-ல் அமலுக்கு வந்தன. வாக்கு எண்ணியது ஜூன் 4-ல். ஒப்படைத்த துப்பாக்கிகள் அதுவரை ஸ்டேஷன் அறையிலோ ஆயுத வியாபாரியின் கிடங்கிலோ கிடந்தன. திரும்ப வாங்கும்போது நம்பர் சரியா, கட்டையில் கீறல் விழுந்திருக்கிறதா, ரசீதில் கையெழுத்து வாங்கியாயிற்றா என்று எல்லாவற்றையும் பார்ப்போம். குழலுக்குள் பார்ப்பவர்கள்தான் குறைவு.

12 போர் (bore, குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கியின் குழல் துளை சுமார் 18.5 மில்லிமீட்டர். மண்குளவிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. இருட்டு, வறட்சி, காற்றாட்டம் இல்லாத இடம். ஈர மண்ணைக் கொண்டுவந்து அறை கட்டி, சிலந்தியை அடைத்து, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டுப் போய்விடும். கூடு குழல் வாயில் இருந்தால் கண்ணில் படும். ஒரு சாண் உள்ளே இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. காய்ந்தபின் அந்த மண் விரலால் உடைக்க முடியாத அளவு கெட்டிப்பட்டிருக்கும்.

குளவிக்குப் பயந்து குழல் வாயில் துணியைத் திணித்து வைப்பவர்களும் உண்டு. இது குளவியைவிட மோசம். வைத்தவர் ஒருவர், எடுத்துச் சுடுபவர் அவர் மகனோ தம்பியோ என்றால் துணி உள்ளே இருப்பதே தெரியாது. எண்ணெய்த் துணி ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அது தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு முதலில் பிடிக்கும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் வெளியே நன்றாகத் தெரிகிற, பளிச்சென்ற நிறத்தில் ஒரு தொப்பியை மேலாக மாட்டுங்கள். உள்ளே எதையும் திணிக்காதீர்கள்.

"சுட்டால் தானாகப் போய்விடும்"

நான் கேட்டதிலேயே ஆபத்தான பேச்சு இதுதான். கொஞ்சம் மண்தானே, ஒரு துண்டுத் துணிதானே, அவ்வளவு வேகமாகப் போகிற ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) அதைத் தள்ளிக்கொண்டு போகாதா என்ற நினைப்பு. தள்ளத்தான் செய்யும். அதற்குள் குழல் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

விசையை இழுத்ததும் தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து எரிந்து, தோட்டா அறையில் அழுத்தம் ஒரு கணத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. வழக்கமான 12 போர் தோட்டாக்களுக்கு ஐரோப்பியத் தர விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு 740 பார், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல எழுநூறு மடங்குக்கு மேல். ஆனால் அந்த உச்சம் அறையை ஒட்டிய சில அங்குலங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ரவை முன்னே ஓட ஓட, பின்னால் இடம் கூடி அழுத்தம் சரிகிறது. குழல் செய்பவர்கள் இதை நம்பித்தான் அறைப் பக்கம் தடிமனாகவும் வாய்ப் பக்கம் மெலிதாகவும் செய்கிறார்கள். பல துப்பாக்கிகளில் முன்பாதியின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முழுக்கத் தடிமனாகச் செய்தால் தோளில் தூக்கி நடக்க முடியாது.

இப்போது அந்த மெல்லிய பகுதியில் ஒரு மண் கட்டி இருக்கிறது என்று வையுங்கள். வினாடிக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் வேகமெடுத்த ரவை அதில் முட்டுகிறது. முன்னால் போகிற ரவை தடைப்பட, பின்னால் வருவது அதன்மேல் ஏறி நசுக்குகிறது. தடம்புரண்ட ரயிலில் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது மாதிரி. அதற்குப் பின்னால் வாயுவும் முட்டி நிற்கிறது. முன்னே போக வழியில்லாத விசை பக்கவாட்டில் குழல் சுவரைத் தள்ளுகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் குழலில் மோதிரம் போட்டதுபோல் ஒரு புடைப்பு விழும். இல்லாவிட்டால் குழல் கிழியும். அடைப்பு எவ்வளவு கனம் என்பது பெரிய விஷயமே இல்லை. வயல் வரப்பில் வாய் தரையில் குத்தி ஏறிய சேறும், குளிர் நாடுகளில் வாயில் அடைத்த பனியும்கூடக் குழலைக் கெடுத்திருக்கின்றன.

20 போர் தோட்டா 12 போர் குழலில்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தடைகளிலேயே மிகக் கொடூரமானது இதுதான், பெரும்பாலும் முன்கையைப் பதம் பார்ப்பதும் இதுதான்.

போர் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். ஒரு பவுண்டு ஈயத்தில் துளை அளவுக்குச் சரியாக எத்தனை குண்டு உருட்டலாம் என்ற பழைய கணக்கு அது. 12 குண்டு என்றால் பெரிது, 20 குண்டு என்றால் சிறிது. 20 போர் துளை சுமார் 15.6 மில்லிமீட்டர். அந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு ஏறக்குறைய 19.5 மில்லிமீட்டர். 12 போர் துப்பாக்கியின் தோட்டா அறை அதைவிட அகலம். அறை முடிந்து தொடங்கும் குழலோ 18.5. எனவே தவறுதலாகப் போட்ட 20 போர் தோட்டா அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய், குழல் குறுகும் இடத்தில் விளிம்பு இடித்து நின்றுவிடும். வெளியிலும் விழாது, உள்ளேயும் போகாது.

அடுத்து நடப்பது இப்படி. விசையை இழுத்தால் டிக்கென்ற சத்தம் மட்டும் வருகிறது. திறந்து பார்த்தால் அறை காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் போல என்று ஒரு 12 போர் தோட்டாவைப் போடுகிறார். அதற்கு இடமும் இருக்கிறது. ஏனென்றால் 70 மில்லிமீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா மடிப்போடு 60-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். துப்பாக்கி சிரமமில்லாமல் மூடும். இப்போது சுட்டால் முன்னால் நிற்பது வெறும் அடைப்பு அல்ல, மருந்தும் ரவையும் நிறைந்த இன்னொரு தோட்டா. அது நிற்கும் இடமோ முன்கை பிடித்திருக்கும் கட்டைக்கு அருகில்.

அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான். எல்லா நாட்டுத் தோட்டாவும் அப்படி வருவதில்லை, மங்கலான வெளிச்சத்தில் நிறமும் கைகொடுக்காது. வீட்டில் இரண்டு அளவுத் துப்பாக்கி இருந்தால் தோட்டாக்களுக்குத் தனித்தனிப் பெட்டி, தனித்தனி இடம். சட்டைப் பையில் கலந்து போடுவது அறவே கூடாது. அறை காலியாக இருந்து டிக் என்று மட்டும் கேட்டால், அடுத்த தோட்டாவைத் தொடும் முன் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இப்படிச் சிக்கிய தோட்டாவைத் தோட்டா போடும் பக்கத்திலிருந்து கம்பியால் குத்தவே கூடாது. வெடிக்கும் மூடி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. துப்பாக்கியைத் திறந்தபடியே, வாய் ஆளில்லாத பக்கம் இருக்க, கீழே வைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரை அழைப்பதுதான் முறை.

நீளத்திலும் இதே ஏமாற்று இருக்கிறது. 76 மில்லிமீட்டர் தோட்டா 70 மில்லிமீட்டர் அறைக்குள் மூடிக்கொள்ளும், மடிப்பு விரியாததால். சுடும்போது விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் நுழைந்து ரவையின் வழியை நெரிக்கும், அழுத்தம் எகிறும். தாத்தா காலத்துச் சீமைத் துப்பாக்கிகள் சிலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்தான். குழலின் அடியில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுத் தோட்டா வாங்குங்கள். "மூடுதுல்ல, அப்புறம் என்ன" என்ற வாதம் இங்கே செல்லாது.

சத்தம் மாறினால் நிறுத்துங்கள்

மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த தோட்டாவில் மருந்து ஈரம் வாங்கியிருக்கலாம். அடிப் பித்தளை பச்சை பூத்திருந்தாலும், அட்டைக் கூடு உப்பியிருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்த மாதிரித் தோட்டாவைச் சுட்டால் "டுமீல்" வராது. புஸ்ஸென்றோ பொத்தென்றோ ஒரு சோகையான சத்தம் வரும், உதை இருக்காது. மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் வாட் குழலை விட்டு வெளியேறாமல் பாதியில் நின்றிருக்கலாம். சில சமயம் ரவையும் அதோடு உள்ளேயே இருக்கும். வேகமாக அடுத்ததைச் சுடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரட்டைக்குழலில் மற்ற குழல் இருக்கிறதே என்று தொடர்வதும் வேண்டாம். அவசரத்தில் எந்த விசை எந்தக் குழல் என்பது மாறிப்போகும்.

பறக்கவிடும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்காரர்களிடம் இந்தக் காது பழகியிருக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் களமிறங்கிய அந்தப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 125 தட்டுகள். பயிற்சியில் சுடுவதற்குக் கணக்கே இல்லை. அத்தனை சத்தத்துக்கு நடுவே ஒன்று மட்டும் தொய்வாகக் கேட்டால் உடனே துப்பாக்கியைத் திறந்து குழலைப் பார்ப்பார்கள். வருடத்துக்கு நாலு தோட்டா சுடுகிற நமக்கு அந்தக் காது கிடையாது. அதனால் சந்தேகம் வந்தாலே நிறுத்துவதுதான் வழி.

சத்தமே வராவிட்டால் உடனே திறக்காதீர்கள். வாயை ஆபத்தில்லாத திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. பிறகு திறந்து தோட்டாவை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள். வாட் மட்டும் சிக்கியிருந்தால் மரக்கம்பியால் வாய்ப் பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளி வெளியே எடுக்கலாம். இரும்புக் கம்பியும் சுத்தியலும் குழலின் உட்புறத்தைக் கீறிவிடும்.

சுத்தம் செய்யும்போது

துடைக்கும் துணி உள்ளே கழன்று நின்றுவிடுவதும், பிரஷ் மறையிலிருந்து விட்டுப்போவதும் சாதாரணம். வேலை முடிந்ததும் கம்பியின் முனையில் போட்டது எல்லாம் திரும்பி வந்ததா என்று பாருங்கள். துரு பிடிக்காமல் இருக்கத் தாராளமாகப் பூசிய கிரீஸும் தடைதான். சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

பார்ப்பது எப்படி? முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்யுங்கள். மடக்கித் திறக்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்றால் திறந்து, தோட்டா போடும் பக்கத்திலிருந்து ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் போதும். பம்ப் ஆக்‌ஷனில் (முன்கட்டையை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை; திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 12 போரில் இதைச் செய்கிறது) கீழ்க்குழாயில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். அறையைக் காலி செய்தபின்னும் அதையும் காலி செய்ய வேண்டும். அதன்பின் குழலைக் கழற்றிப் பார்க்கலாம், அல்லது அறைப் பக்கம் சிறு விளக்கை வைத்து வெளிச்சம் வாய்வரை வருகிறதா என்று வெள்ளைத் தாளில் பிடித்துப் பார்க்கலாம். மூடிய துப்பாக்கியின் வாய்க்கு நேராகக் கண்ணை வைப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

உள்ளே பார்க்கும்போது சீரான வட்டங்களாக மின்னும் வெளிச்சத்தில் ஓரிடத்தில் மட்டும் கறுத்த வளையம் தெரிந்தால், அங்கே எப்போதோ ஒரு தடை இருந்து குழல் புடைத்திருக்கிறது என்று பொருள். வெளியே விரல் நுனியால் தடவினால் சில சமயம் மேடு தட்டுப்படும், பல சமயம் படாது. செகண்ட் ஹேண்ட் துப்பாக்கி வாங்குபவர்கள் விலை பேசும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. புடைத்த குழலைத் தட்டிச் சமப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இழுபட்ட உலோகம் பழைய பலத்துக்குத் திரும்பாது. லைசென்ஸ் உள்ள பட்டறையில் காட்டி அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா போட வேண்டாம்.