ஒளியிலிருந்து துகள் பிறப்பது எப்போது நின்றது? கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்போம்

பிரபஞ்சத்தின் தொடக்கச் சூட்டில் ஒளியே துகள்களாக மாறியது என்று படித்திருப்பீர்கள். எந்தச் சூடு வரை? அடுக்கும் மூலமும் போடத் தெரிந்த கால்குலேட்டர் இருந்தால் நாமே கண்டுபிடிக்கலாம்.

படி 1: எலெக்ட்ரானின் நிறையை ஆற்றலாக எழுதுங்கள்: 5,11,000 எலெக்ட்ரான் வோல்ட். இரண்டு போட்டான்கள் (ஒளித்துகள்கள்) நேருக்கு நேர் மோதி ஓர் எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்க, சமமாகப் பங்கிட்டால் தலைக்கு இவ்வளவு ஆற்றல் வேண்டும். ஒற்றைப் போட்டான் தனியாக இதைச் செய்ய முடியாது, உந்தக் கணக்கு இடிக்கும்.

படி 2: அதை, ஆற்றலை வெப்பநிலையாக மாற்ற உதவும் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுங்கள். 5,11,000 ÷ 0.00008617 = சுமார் 593 கோடி கெல்வின்.

இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம். 593 கோடியைத் தொட்டதும் பிறப்பு பட்டென்று நின்றுவிடவில்லை. எல்லாப் போட்டானும் ஒரே ஆற்றலோடு திரிவதில்லை. சராசரியைத் தாண்டிய சில எப்போதும் உண்டு, அவை ஜோடிகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் சூடு பத்தில் ஒரு பங்கானால்? கால்குலேட்டரில் e-யை மைனஸ் 10 அடுக்குக்கு உயர்த்துங்கள். 0.000045 வரும். ஜோடிகள் ஏறக்குறைய அந்த அளவுக்கு அருகிப்போகும். அதற்குள் பெரும்பாலானவை ஒன்றையொன்று அழித்து ஒளியாகியிருக்கும்.

படி 3: இனி நேரம். பிரபஞ்சத்துக்கு 1 விநாடி வயதானபோது சூடு ஏறக்குறைய 1000 கோடி கெல்வின். அந்தக் கட்டத்தில் காலம், வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். (1000 ÷ 593)² போட்டால் சுமார் 3 விநாடி.

சரி, புரோட்டானுக்கும் இதையே போடலாமே என்று தோன்றும். போட்டால் 10.9 லட்சம் கோடி கெல்வின் வரும். ஆனால் அந்தச் சூட்டில் புரோட்டானே கிடையாது, புரோட்டானின் உட்துகள்களான குவார்க்குகள் தனித்தனியாகத் திரிந்த காலம் அது. நானும் முதலில் இங்கேதான் ஏமாந்தேன்.

படி 4: எனக்குப் பிடித்த படி இது. ஜோடிகள் அழிந்தபோது அவற்றின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) முழுக்கப் போட்டான்களுக்குப் போனது. எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் முன்பே ஒதுங்கிவிட்டதால் அவற்றுக்குப் பங்கு கிடைக்கவில்லை. ஒவ்வொரு வகைத் துகளும் எத்தனை நிலைகளில் இருக்கலாம் என்று எண்ணுவோம்; எலெக்ட்ரான் வகைக்கு அதில் 7/8 மட்டும் சேரும். அழிவுக்கு முன்: போட்டானுக்கு 2, எலெக்ட்ரான், பாசிட்ரானுக்கு 4 × 7/8 = 3.5; மொத்தம் 5.5. பின்பு: 2 மட்டும். 5.5 ÷ 2 = 2.75. என்ட்ரோபி வெப்பநிலையின் கனத்துக்கு நேர்விகிதம் என்பதால் கனமூலம் எடுத்தால் 1.401. இன்றைய நுண்ணலைப் பின்புலத்தின் (அந்த ஆதி ஒளியின் மிச்சம்) 2.725 கெல்வினை இதனால் வகுத்தால் 1.945 கெல்வின். நம்மைச் சுற்றி இப்போதும் திரியும் ஆதி நியூட்ரினோக்களின் சூடு என்று கோட்பாடு சொல்வது இதைத்தான். நேரடியாக அவற்றை இன்னும் யாரும் பிடிக்கவில்லை.