அரைக்கீரை முளைக்காததுக்கு விதை காரணம் இல்ல

மொட்டை மாடியில தக்காளி, கத்தரி நாத்தெல்லாம் ஒழுங்கா வந்துச்சு, அரைக்கீரை மட்டும் வரவே மாட்டேன்னுச்சு. குரோ பேக்ல (செடி வளர்க்கிற பை) தூவி 10 நாள் ஆகியும் அங்கொண்ணு இங்கொண்ணுதான். விதை பழசு போலன்னு வேற பாக்கெட் வாங்கினேன், அதே கதை. ஆழமா போட்டுட்டோமோன்னு மேலாப்புல தூவினேன், தண்ணி அடிச்சுட்டுப் போகுதோன்னு பூவாளிக்கு மாறினேன், ம்ஹூம். கடைசியா ஈரத்துணியில 10 விதைய முடிஞ்சு வச்சுப் பாத்தா மூணாம் நாளே 9 முளை விட்டிருக்கு!

விஷயம் புரிஞ்சது துணி காயப்போடப் போனப்பதான். பேக்ல இருந்து ஆறடி தள்ளி, கைப்பிடிச் சுவர் விரிசல்ல ஒரு கொத்து கீரை நாத்து நெருக்கியடிச்சு நிக்குது, பக்கத்துலயே எறும்பு வரிசை, ஒவ்வொண்ணு வாயிலயும் ஒரு கறுப்பு மணி. நான் விதைச்சதெல்லாம் அதுங்க குடோனுக்குப் போயிருக்கு.

அடுத்த தடவை ஒரு ஸ்பூன் விதைக்கு ரெண்டு கைப்பிடி காஞ்ச மணல் கலந்து தூவி, மேல லேசா மக்கின உரம் போட்டு, எறும்பு வர்ற வழியில ரவையக் கொட்டிட்டேன். அதுங்க ரவையத் தூக்குறதுலயே பிஸி, பேக் பக்கம் வரல (வீட்டுல ரவைக்கு வாங்கின திட்டு தனி). மேல ஈரச் சாக்கு மூடியிருந்தேன், நாலாம் நாள் முளை தெரிஞ்சதும் எடுத்துட்டேன், லேட் பண்ணினா வெளுத்து நீண்டு சாஞ்சுடும். இப்போ பேக் முழுக்கப் பச்சை, நெருக்கமா நிக்கிற நாத்தப் பிடுங்கிக் கலைச்சு விடத்தான் மனசு வரல.