நீச்சல் குளத்து அருவிச் சுவரை மாற்றிக் கட்டும்போது

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டில் போன பங்குனியில் இந்த வேலையைச் செய்தேன். 24 அடிக்கு 12 அடி நீச்சல் குளம். அதன் தலைமாட்டில் 6 அடி உயரச் சுவர். உச்சியிலிருந்து தண்ணீர் விழும். கட்டி எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டு அம்மா போனில் ஒரு படம் காட்டினார்கள். பளபளக்கும் கறுப்புக் கல்லில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

"மேஸ்திரி, இதே மாதிரி வேணும்."

"சரிங்கம்மா. முதல்ல மோட்டாரைப் போடுங்க, பார்க்கலாம்" என்றேன்.

நான் ஜெகதேவி பக்கம் கல் பாலீஷ் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். 22 வருடமாகக் கல் பதிக்கிறேன். இருந்தாலும் அருவிச் சுவர் என்றால் கல்லைக் கடைசியாகத்தான் பேசுவேன். எவ்வளவு தண்ணீர் விழும், எங்கே விழும், அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கல்.

இடிப்பதற்கு முன்பு இரண்டு நாள் செலவு செய்யுங்கள். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்தின் மேல்படியில், தண்ணீரில் நிற்கிற மாதிரி வையுங்கள். பக்கெட்டுக்குள்ளும் குளத்துச் சுவரிலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். முதல் நாள் அருவி ஓடக்கூடாது. மறுநாள் மட்டங்களைப் புதிதாகக் குறித்துவிட்டு, அருவியை வழக்கமான நேரம் ஓட்டுங்கள். பக்கெட்டில் குறைவது வெயிலுக்கு ஆவியாவது. அந்த வீட்டில் முதல் நாள் இரண்டிலும் 6 மில்லிமீட்டர்தான் குறைந்தது. அருவி ஓடிய நாளில் குளம் மட்டும் 15 மில்லிமீட்டர் இறங்கியது. கூடுதலான அந்த 9 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 240 லிட்டர். குளம் ஒழுகவில்லை, சுவர்தான் தண்ணீரைக் குடிக்கிறது என்று அதில் தெரிந்துவிட்டது. சுவரின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் பூச்சு ஊறி உப்புப் பூத்திருந்தது. சுத்தியல் காம்பால் தட்டியபோது பாதிக் கற்கள் பிடிப்பு விட்டுப் பொள்ளலாகச் சத்தம் கொடுத்தன.

அடுத்து தண்ணீரின் அளவு. அருவி வாயில் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டைப் பிடித்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 12 விநாடி என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். தண்ணீர் இழைஇழையாகப் பிரியாமல் ஒரே தகடாக விழவேண்டுமானால் ஒவ்வொரு அங்குல அகலத்துக்கும் நிமிடத்துக்கு 4 லிட்டராவது வேண்டும். அந்த அம்மா 6 அடி அகலம் கேட்டார்கள். அதற்கு 288 லிட்டர் ஆகும். 4 அடிக்கு 192 லிட்டர் போதும். 1 எச்.பி. நீச்சல் குள மோட்டார் 4 அடியைத் தாராளமாகத் தள்ளும் என்பதால் அதில் நின்றோம். குழாய் 2 அங்குலம். பழைய ஒன்றரை அங்குலக் குழாயில் இவ்வளவு தண்ணீரை விட்டால் வேகம் கூடி மோட்டார் திணறும். ஃபில்டர் மோட்டாரிலிருந்தே அருவிக்குக் கிளை எடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தனி மோட்டார், தனி கேட் வால்வு இருந்தால் வேண்டும்போது மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்.

உயரத்தை 6 அடியிலிருந்து 4 அடியாகக் குறைக்கச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் மனசில்லை. ஆனால் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தானே அந்த இடம்? அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் பேச்சே கேட்காது. ஆடிக் காற்றில் தண்ணீர் பாதி புல்தரையில் போய் விழும்.

இடிக்கும்போது, சுவரும் குளத்து விளிம்பும் சேரும் கோட்டை முதலில் கட்டிங் மெஷினால் அறுத்து விடுங்கள். இல்லையென்றால் சம்மட்டி அதிர்வு குளத்துக்கே போய் விரிசல் விடும். புதுச் சுவருக்கும் குளத்துக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு ரப்பர் மாதிரி நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட் அடையுங்கள். இரண்டும் தனித்தனி அஸ்திவாரத்தில் நிற்பவை, ஒரே மாதிரி அமுங்காது. ஏரிக்குப் பக்கத்து நிலமாக இருந்து ஐப்பசி, கார்த்திகையில் வேலை செய்தால் குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். அடியில் ஊறும் தண்ணீர் காலிக் குளத்தைத் தூக்கிவிடும்.

வாட்டர்ப்ரூஃபிங்தான் இந்த வேலையின் உயிர். முன்பக்கம், உச்சி, பின்பக்கம் மூன்றுக்கும் பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட் அடியுங்கள். மூலைகளில் ஃபைபர் வலை வைத்து அடிக்கவேண்டும். உச்சியில் தண்ணீர் வந்து நிற்கும் தொட்டியை 48 மணி நேரம் நிரப்பி வைத்துப் பார்த்த பிறகே கல்லைத் தொடுங்கள்.

அந்தத் தொட்டிக்குள் வரும் குழாயில் துளைகளைக் கீழ்நோக்கிப் போடுங்கள். தண்ணீர் அடியில் மோதி, அமைதியாகி, அப்புறம் விளிம்பைத் தாண்டும். விளிம்புக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் தகடு. ரசமட்டத்தை மட்டும் நம்பாமல் ட்யூப் லெவலிலும் பாருங்கள். 4 அடியில் 2 மில்லிமீட்டர் சரிந்தாலும் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்குவது கண்ணுக்குத் தெரியும். நான் இந்த ஒரு தகட்டுக்கு அரை நாள் எடுத்துக்கொள்வேன்.

இப்போது கல். நம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு குடிக்கிற தண்ணீர் மாறியது. குளத்தை நிரப்புவது இன்னும் போர் தண்ணீர்தான். அது காற்றில் விழும்போது கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறும். கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லில் வெள்ளையாகப் படியும். பாலீஷ் போட்ட கறுப்புக் கல்லில் இரண்டே மாதத்தில் கோடு கோடாகத் தெரியும். இதைச் சொன்னதும் அந்த அம்மா படத்தை மூடி வைத்துவிட்டார்கள். நம் மாவட்டத்துப் பாரடைசோ கிரானைட்டை, பளபளப்பில்லாமல் தோல் மாதிரி இருக்கும் லெதர் ஃபினிஷில் போட்டோம். அதன் ஊதாவும் சாம்பலும் கலந்த வரிகளில் படிவு உறுத்தாது. நாளில் 22 மணி நேரம் மோட்டார் நின்றுதான் இருக்கும். காய்ந்திருக்கும்போதும் சுவர் அழகாக இருக்கவேண்டும்.

கடப்பா கல் வேண்டாம். அது சுண்ணாம்புக் கல். வேலை கற்ற புதிதில் ஒரு வீட்டில் கடப்பா பதித்தேன். படிவைப் போக்க அவர்கள் ஆசிட் ஊற்றினார்கள், கல்லே அரித்துப் போனது. அந்த வீட்டைக் கடக்கும்போது இன்றும் மனசு வலிக்கும்.

20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ இருக்கும். வெறும் சிமென்ட் பால் தடவி ஒட்டக்கூடாது. பாலிமர் ஒட்டுப்பசையைக் கல்லிலும் சுவரிலும் தடவி, பெரிய பலகைகளுக்கு ஸ்டெயின்லெஸ் பின்னும் கொடுங்கள். இடுக்குகளுக்கு எபாக்ஸி, அதற்கு ஏழு நாள் விட்டுத்தான் தண்ணீர். விளக்கு வைத்தால் 12 வோல்ட் மட்டும். மோட்டார் லைனில் மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டை வெட்டும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், அதை எலக்ட்ரீஷியன்தான் போடவேண்டும்.

குளத்தின் பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்கட்டும். அருவி ஓடும் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். தை, மாசியில் மாம்பூ கொட்டும் காலத்தில் உச்சித் தொட்டிக்கு வலை போடுங்கள். அந்த வீட்டில் தொட்டியின் மேல்மூடியைக் கழற்றும்படி வைத்துக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை கையை விட்டுப் பூவை அள்ளிவிடலாம்.