காணாமல் போன மிக்ஸர்

ரங்கூனில் எங்கள் கோயில் பஜனைக் குழுவுக்குத் தைப்பூசப் பாட்டுகளைப் பதிவு செய்து தருவது என் வேலை. போன மாதம் மச்சானிடம் இரவல் வாங்கிய இரண்டாவது மானிட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் ஒலிப்பதிவு மென்பொருளில், ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஜன்னலைக் காணோம்!

மெனுவில் மிக்ஸருக்கு எதிரே டிக் இருக்கிறது. திரையில் மட்டும் இல்லை. "என்ன தம்பி, மிருதங்கத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேனே" என்று பெரியவர் வேறு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதற்குள் கரண்ட் போய், ஜெனரேட்டர் போட்டு, முடித்துப் பார்த்தால் அதே கதை. ஜன்னல் இருந்த இடம் அமைப்புக் கோப்பில் தனியாகக் கிடக்கிறது. அதை நீக்காமல் மென்பொருளை மட்டும் நீக்கி என்ன பயன்?

மிக்ஸர் எங்கும் போகவில்லை, இல்லாத மானிட்டரில்தான் திறந்துகொண்டிருந்தது. டிக்கை எடுத்து மறுபடி போட்டேன். வேறெங்கும் கிளிக் செய்யாமல் ஆல்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி, அப்புறம் எம், பிறகு ஏதோ ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான், மவுஸை அசைத்ததும் ஜன்னல் அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. இது விண்டோஸின் வசதி, மேக்கில் கிடையாது.

இப்போது ரீப்பர் என்ற வேறொரு ஒலிப்பதிவு மென்பொருளுக்கு மாறிவிட்டேன். அதில் மிக்ஸரை, முதன்மை ஜன்னலோடு ஒட்டி வைக்கும் டாக்கரில் பொருத்தி, ஒலிப்பதிவுக்கு ஒன்று, மிக்ஸிங்குக்கு ஒன்று என ஜன்னல்களின் அமைப்பை ஸ்கிரீன்செட்டாகச் சேமித்திருக்கிறேன். மிதக்கும் ஜன்னல் பக்கமே போவதில்லை. பெரியவர் மட்டும் இன்னும் மிருதங்கம் தூக்கல் என்கிறார்.