சிகிச்சையில் இருக்கும் பிள்ளையோடு தனியாளாக வீடு தேடுவது: படிப்படியாக

மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஆறு வயது. சிகிச்சை முடிய இரண்டரை வருடம் ஆயிற்று. அதற்குள் மூன்று வீடு மாறிவிட்டோம். முதல் வீட்டை அவசரத்தில் பிடித்தேன். இரண்டாவதை அழகைப் பார்த்துப் பிடித்தேன். மூன்றாவதைத்தான் யோசித்துப் பிடித்தேன். வீட்டில் பெரியவர் என்று நான் ஒருவன்தான். என்னைப் போலவே தனியாக இருக்கும் ஓர் அம்மா ஒருநாள் வார்டு வராந்தாவில், "எதிலிருந்துங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

விளம்பரம் எங்கே பார்ப்பது, முன்பணத்தை எப்படிப் பேசிக் குறைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். வாடகைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அதனால் சட்டப் பிரிவுகளுக்குள்ளும் போகவில்லை.

படி 1: முதலில் சிகிச்சைக் காலண்டர்

வீடு பார்க்கக் கிளம்பும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். சிகிச்சை மொத்தம் எத்தனை மாதம்? அதில் கடுமையான கட்டம் எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும்? வீட்டுக்கு ஏதாவது கருவி வருமா?

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகைக்குப் பொதுவாக 2 முதல் 3 வருடம் வரை சிகிச்சை நடக்கும். முதல் சில மாதங்கள்தான் பாடாய்ப் படுத்தும். அப்புறம் பெரும்பாலும் மாத்திரையும் பரிசோதனையும்தான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றால் கணக்கு வேறு. முதல் 100 நாட்களாவது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள். அந்த 100 நாளுக்காக நிரந்தர வீட்டை மாற்றுவது வீண். அதற்குத் தற்காலிகத் தங்குமிடம் போதும்.

அப்படிப்பட்ட இடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம். நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்கள் தங்குவதற்கான முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் 1974-ல் பிலடெல்பியாவில் தொடங்கியதே, ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமியின் பெற்றோர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான். இன்று பல நாடுகளில் அந்த இல்லங்கள் இருக்கின்றன. வேறு அறக்கட்டளைகள் நடத்தும் இல்லங்களும் உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். நான் அவரிடம் போனது ஏழாவது மாதத்தில். முதல் வாரமே போயிருக்க வேண்டும்.

படி 2: தூரத்தை இரவு இரண்டு மணிக்கு அளங்கள்

கீமோ எடுக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. வாசலுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பதைப் பல மருத்துவமனைகள் இலக்காக வைத்திருக்கின்றன. ஆகவே கிலோமீட்டரை விடுங்கள், நிமிடக் கணக்கு பாருங்கள். நடுராத்திரியில் அந்தத் தெருவுக்கு வண்டி வருமா என்று ஒருமுறை வரவழைத்தே பாருங்கள். சொந்த வண்டி இருந்தாலும் வாடகை வண்டிதான் நல்லது என்பது என் கட்சி. பின்சீட்டில் பிள்ளை வாந்தி எடுக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

படி 3: வீட்டை மூக்கால் பாருங்கள்

கதவைத் திறந்ததும் ஓத வாடை, அதாவது சுவர் ஈரத்தின் வாடை, அடித்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கவுண்ட் (ரத்த வெள்ளணு எண்ணிக்கை) இறங்கியிருக்கும் குழந்தைக்குப் பூஞ்சைதான் பெரிய எதிரி. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விதைத்துகள்கள் ஓதச் சுவரிலும் இருக்கும், கட்டடம் இடிக்கும் தூசியிலும் இருக்கும். பக்கத்து மனையில் கட்டுமான வேலை நடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பால்கனியில் புறா எச்சம் காய்ந்து கிடந்தால் அதுவும் ஆகாது.

ஒரு சுவர் மட்டும் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் அதில்தான் விஷயம் இருக்கிறது. கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துச் சுவரைவிட ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். ஈரப்பத மானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். கழிப்பறை மூலையில் அரை மணி நேரம் வையுங்கள். 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் எனக்கு அந்த வீடு வேண்டாம். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் ஹெப்பா (நுண்துகளையும் பிடிக்கும்) வடிகட்டி உள்ளது மட்டும் வாங்குங்கள். ஓசோன் விடும் கருவிகளை யார் பரிந்துரைத்தாலும் வாங்காதீர்கள், அது நுரையீரலை எரிக்கும்.

சக்கர நாற்காலி வர வாய்ப்பிருந்தால் கதவைத் திறந்து வைத்து, நடுவில் கிடைக்கும் இடத்தை அளங்கள். 32 அங்குலம் இருந்தால் சிரமம் இல்லை. சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓரடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு. அளக்க இரும்பு டேப்பே கொண்டுபோங்கள். போன் செயலி என் கையில் ஒரே கதவுக்கு மூன்று விதமாக அளவு காட்டியது.

படி 4: மருத்துவரின் கடிதம்

அரசு வீட்டு வரிசையிலோ உதவித் திட்டத்திலோ முன்னுரிமை கேட்க இது வேண்டும். தனியார் வாடகைக்குமே சில இடங்களில் பயன்படும். நான் முதலில் வாங்கிப் போன கடிதம் ஒரே வரி: "இக்குழந்தை எங்களிடம் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறது." அலுவலர் பரிதாபமாகத்தான் பார்த்தார். ஆனாலும் கோப்பில் செருகிவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

நோயின் பெயரை வைத்துக்கொண்டு அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரால் எதுவும் முடிவு செய்ய முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: எப்படிப்பட்ட வீடு வேண்டும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும், எத்தனை நாளைக்கு. இரண்டாவது கடிதத்துக்கு நானே வரைவு எழுதிக் கொண்டுபோனேன். மருத்துவர் இரண்டு சொல்லை மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து:

"இக்குழந்தையின் வெள்ளணுக்கள் சிகிச்சையின்போது அடிக்கடி மிகவும் குறைகின்றன. எனவே கழிப்பறையையும் சமையலறையையும் பிற குடும்பங்களுடன் பகிர்வது தொற்று அபாயத்தைக் கூட்டும். காய்ச்சல் வந்தால் உடனடியாக மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதால் அருகில் வசிப்பது அவசியம். குழந்தையால் தொடர்ந்து படியேற இயலாது. கவனித்துக்கொள்பவர் தந்தை ஒருவரே. இந்நிலை குறைந்தது பதினெட்டு மாதங்கள் நீடிக்கும்."

இதை அப்படியே எடுத்து உங்கள் பிள்ளையின் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையில் இல்லாத எதையும் சேர்க்காதீர்கள். தேதி, முத்திரை, மருத்துவரின் பதிவு எண் மூன்றும் இருக்கட்டும். ஐந்து அசல் பிரதி கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தோடு நான் இன்னொரு பத்தியும் சேர்த்தேன். போதுமான வீடு என்றால் என்ன என்று ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-ல் ஒரு விளக்கம் வெளியிட்டது. அதிலுள்ள ஏழு அம்சங்களில் முதலாவது, குடியிருப்பவரைச் சட்டென்று வெளியேற்ற முடியாத உறுதி. குழந்தைகளுக்கும் தொடர் நோயாளிகளுக்கும் வீட்டு விஷயத்தில் ஓரளவாவது முன்னுரிமை வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதனால்தான் கோப்பு நகர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் முறை போனபோது உட்காரச் சொன்னார்கள்.

படி 5: ஒப்பந்தம் (நான் விழுந்த இடம்)

இரண்டாவது வீடு நல்ல வெளிச்சம். மகள் படுத்தபடியே மரத்தைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் தங்கமான மனிதர், "எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க தம்பி" என்றார். ஒப்பந்தத்தை நான் முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன். எட்டாவது மாதம் அவர் வீட்டை விற்றார். புது உரிமையாளர் 30 நாள் நோட்டீஸ் அனுப்பினார். அதை நான் படித்தது தனியறைக் கண்ணாடிக்கு வெளியே, முகக்கவசத்தோடு. உள்ளே மகள் கவுண்ட் ஏறுவதற்காகக் காத்திருந்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்த 30 நாள் தெளிவாக அச்சிட்டிருந்தது. அதனால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

வீட்டின் பாதுகாப்பு பூட்டில் இல்லை, அந்த மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் நான் இப்போது கேட்பவை:

காலம், சிகிச்சை முடியும் மாதத்துக்கு மேல் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். விற்றாலும் இந்த ஒப்பந்தம் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்று எழுத வேண்டும். சொந்தத் தேவைக்குக் காலி செய்யச் சொன்னால் குறைந்தது மூன்று மாத அவகாசம். இவ்வளவும் கேட்கும்போது நம் பக்கக் கதவையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றினால் ஒரு மாத நோட்டீஸில் நாம் கிளம்பலாம், முன்பணத்தில் பிடித்தம் கூடாது. கடைசியாக, மின்சாரம், தண்ணீர், லிஃப்ட் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் சரி செய்வார், சொல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்ற இரண்டு வரிகள்.

எல்லாம் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது நான்கு. ஒன்றுதான் கேட்கலாம் என்றால், விற்றாலும் ஒப்பந்தம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் என்ற வாசகத்தைக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் உள்ளூர் வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ காட்டுங்கள். சில நாடுகளில் சட்டமே தரும் உரிமையை நாம் கெஞ்சிக்கொண்டிருப்போம். வாயால் சொன்னது எதுவானாலும் அன்று மாலையே, "நீங்கள் சொன்னபடி…" என்று ஆரம்பித்து ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

நோயைச் சொல்லலாமா? தேவையைச் சொல்லுவேன், நோயின் பெயரைக் கேட்டால் மட்டும் சொல்லுவேன். "ஒட்டிக்குமா?" என்று கேட்ட உரிமையாளர் உண்டு. "அம்மா எங்கே?" என்று நான்கு இடத்தில் கேட்டார்கள். "நாங்க ரெண்டு பேர்தான்" என்று சொல்லிவிட்டு வாடகை எந்தத் தேதி என்று கேட்பேன். பேச்சு மாறிவிடும்.

படி 6: பணம், குடிபோதல்

வாடகையை, நீங்கள் மிகக் குறைவாகச் சம்பாதித்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வார்டில் இருக்கும் மாதம்தான் அது. வாடகை வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். சாவி கைக்கு வந்ததும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றுங்கள். சுத்தம் செய்யும் நாளில் பிள்ளை அங்கே வேண்டாம். தூசி அடங்கிய பிறகு வரட்டும். புது முகவரியை மருத்துவமனை, காப்பீடு, மருந்து கொண்டுவருபவர், பள்ளி நான்கு இடத்திலும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.

படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தது

வீடு பூட்டிக் கிடந்தால்: இரண்டு மாதம் வார்டிலேயே இருந்த ஒருவருக்கு, வீட்டைக் கைவிட்டுப் போய்விட்டதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. பூட்டிக் கிடந்தால் கைவிட்டதாகக் கொள்ளலாம் என்ற வரி என் ஒப்பந்தத்திலும் இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் வராது என்று சேர்க்கச் சொல்லுங்கள். அட்மிட் ஆனதும் உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு இருந்தால் அதிலும் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரி தெரியக் கூடாது என்றால்: பிரிந்துபோன துணையால் ஆபத்து இருப்பதாக ஒரு தாய் எழுதியிருந்தார். மருத்துவமனைப் பதிவில் முகவரியை யாருக்கும் தரக் கூடாது என்று குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் காப்பீட்டுக் கடிதங்கள் யார் பெயருக்குப் போகின்றன என்று பாருங்கள். அந்தத் தாயின் முகவரி கசிந்தது அப்படியொரு கடிதத்தில்தான். பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதை மீறாமல் எப்படிச் செய்வது என்று வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மின்சாரம்: ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1800 வாட்-ஹவர் இருப்பதாகக் காகிதம் சொல்லும், அதாவது ஐந்து மணி நேரம். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விடக் கூடாது, இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். ஆக இரண்டு மணி நேரம் என்று மட்டும் நம்புங்கள். நிரம்பிய சிலிண்டர் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். குடிபோன அன்று, பிள்ளை வருவதற்கு முன், மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள்.

மூன்றாவது வீட்டில் இன்னும் இருக்கிறோமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறோம். லிஃப்ட் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. நின்ற தேதியையும் மறுபடி ஓடத் தொடங்கிய நேரத்தையும் சமையலறைக் காலண்டரில் மகள்தான் குறித்து வைக்கிறாள்.